எல்லோரும் ஒன்றிலிருந்து

இருபது முகப் பகடையில் விழுந்தது பத்தொன்பது. கெரிட் "நாலு" என்றான்.

சொன்ன கையோடு பகடையை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். அவன் முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு மடித்து நிறுத்தியிருந்தது. அதற்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் உள்ளே என்ன விழுகிறது என்று தெரியக் கூடாது. ஆட்டம் நடத்துகிறவன் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் எண்.

"நாலா? நாலுன்னா சொன்னே?" டுவேன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "பூதம் கையை ஓங்குச்சு, பெரிய எட் லேசா குனிஞ்சான், அடி காத்தோட போச்சு! ஏழே ஏழு உசிர்ப்புள்ளிய வெச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுறான் பாரு என் ஆளு!"

"உக்காருடா. பீர் சாயுது," என்றார் ஆர்வில்.

"சாயட்டும் பெருசு. உங்க ஆளு இரும்புச் சட்டை போட்டுக்கிட்டு பின்னாடி நிக்கிறான். என் ஆளு வெறும் அங்கியோட முன்னாடி நிக்கிறான்."

"அதுக்குப் பேரு தைரியம் இல்ல. அறிவில்லாமை."

ரெனே பொரித்த பாலாடைக்கட்டி ஒன்றை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

லிட்டில் ஷூட் என்கிற சின்ன ஊரில் அந்த மதுக்கடையின் பின்னறை சனிக்கிழமை காலைகளில் இவர்களுடையது. காகித ஆலையில் மூன்றாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் காலை ஏழரை மணிதான் சாயங்காலம். பீரும் பிராந்தியும் குடித்துக்கொண்டு நண்பகல் வரை ஆடுவார்கள். ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. குகைகளையும் பூதங்களையும் கெரிட் வாயால் சொல்லியே உண்டாக்குவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நடப்பார்கள். அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் அடி படும், உசிர்ப்புள்ளி குறையும்; அது தீர்ந்தால் சாவு. பிழைத்துக்கிடந்தால் பாத்திரத்தின் லெவல் ஏறும். செத்தால் செத்ததுதான்.

செத்தவனுக்குப் பதில் வரும் ஆள் எந்த லெவலில் தொடங்குவது? மேசைக்கு மேசை இதில் சண்டை உண்டு. ஆப்பிள்டன் பக்கம் சில கூட்டங்களில், மற்றவர்களைவிட ஒரு லெவல் குறைத்துக் கொடுத்துக் கூடவே சேர்த்துக்கொள்வார்களாம். கெரிட் அதைக் கேட்டால் மூக்கால் சிரிப்பான். "சும்மா குடுத்த லெவலுக்கு என்ன மரியாதை?" என்பான். அவன் மேசையில் புதிதாக வந்தவனும் சரி, செத்துத் திரும்பியவனும் சரி, ஒன்றாம் லெவல். பக்கத்தில் நிற்கிறவன் ஒன்பதாம் லெவலாக இருந்தாலும் அவன் ஒன்றுதான். ஆறு வருஷமாக அந்தச் சட்டம் மாறவில்லை. அதை அவனோடு சேர்ந்து போட்டவள் ரெனே. கிடங்கில் காகிதச் சுருள் தூக்கும் வண்டி ஓட்டுகிறவள். விட்டுக்கொடுத்துப் பேசத் தெரியாதவள்.

டுவேன் கெரிட்டின் அக்கா கொரினைக் கட்டியவன். ஆற்றின் மேற்பக்கத்து ஆலை ஒன்றில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவன். போன வசந்தத்தில் அது மூடியது. கெரிட்தான் சொல்லிவைத்து இங்கே உள்ளே நுழைத்தான். ஆனால் அங்கே பார்த்த வருஷங்கள் இங்கே செல்லாது. நாற்பது தாண்டியவன், மீசை முளைக்காத பையன்களுக்கும் கீழே, பணிமூப்பில் கடைசி ஆள். இயந்திரத்திலிருந்து கழிந்து விழும் காகிதக் குப்பையை வாரிப் போடும் வேலை. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் உருள்வது அவன் தலை. அப்படிப்பட்டவனைத்தான், வேலை இல்லாத நேரமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து குமைகிறானே என்று சனிக்கிழமை மேசைக்கு இழுத்துவந்து, ஒன்றாம் லெவலில் உட்கார வைத்தான் கெரிட். அப்போது அது அவனுக்கு உறைக்கவில்லை.

டுவேனின் முதல் ஆள் ஒரு கதவைத் திறந்தான், செத்தான். இரண்டாவது ஆளை எலி கடித்துக் கொன்றது. ஒன்பதாம் லெவல்காரர்களுக்காகக் கட்டிய குகையில் எலியும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். "ஓ, இங்கயும் நான்தான் கடைசியா?" என்று டுவேன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தடுப்புக்குள் விழும் எண்களைக் கெரிட் மாற்றிச் சொல்லத் தொடங்கினான். மூன்றாவது ஆளான பெரிய எட் சாகவில்லை. பத்து அடியில் இரண்டு படும், எட்டு தப்பும். இப்போது மூன்றாம் லெவல்.

சட்டத்தையே மாற்றியிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. மாற்றினால் இத்தனை வருஷம் பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்று ஆகிவிடும். பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது.

"பூதத்துக்கு இன்னொரு கை இருக்கு," என்றார் ஆர்வில். "அது யாரை அடிக்குது?"

முறைப்படி அது பெரிய எட்டைத்தான் அடிக்க வேண்டும். அவன்தான் காலடியில் நிற்கிறான். அடித்தால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். கெரிட் சுற்றிப் பார்த்தான். ரெனேயின் பாத்திரமான இல்வா இரண்டடி தள்ளி நின்றாள். ஒன்பதாம் லெவல் வாள்காரி. ஓரடி பட்டால் ஒன்றும் ஆகாது.

"பூதம் கோவத்துல திரும்புது. இல்வாவை அடிக்குது."

உருட்டினான். இருபது.

இருபது விழுந்தால் இரட்டை அடி. அடி எவ்வளவு என்று உருட்டினான். அந்தப் பகடைகளும் சொல்லிவைத்தது போல உச்சத்தில் விழுந்தன. கெரிட் அவற்றைப் பார்த்தபடி இருந்தான். இதையும் மாற்றிச் சொல்லலாம். ஒரே மூச்சில் இரண்டாவது பொய்க்கு நாக்கு எழவில்லை. ஒன்றைத் திருடியாயிற்று, இதையாவது நேர்மையாகச் சொல்வோம் என்று உள்ளே ஒரு அற்ப எண்ணம். அந்த நிமிஷம் அவனுக்குத் தன்னை யோக்கியன் என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இருபது," என்றான். "மொத்தம் முப்பத்தெட்டு."

ரெனே இல்வாவின் கணக்கு எழுதிய தாளைப் பார்த்தாள். அழித்து அழித்து எழுதி, நடுவே நைந்துபோய், பின்னால் ஒட்டுநாடா போட்ட தாள். "எனக்கு முப்பத்தொண்ணுதான் இருக்கு," என்றாள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்து போய் பிராந்தி வாங்கி வந்தார். செத்த பாத்திரத்தின் சொந்தக்காரருக்கு மேசை ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பது வழக்கம். ரெனே அதை ஒரே வாயில் குடித்தாள். தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"புதுத் தாள் குடு," என்றாள்.

"ரெனே, இன்னிக்கே வேணாம்..."

"சட்டம்தானே. குடு."

டுவேன் அவள் தோளில் தட்டினான். "வா வா. கீழ் வீட்டுக்கு வா. இங்க ஒண்டுக் குடித்தனம்தான், ஆனா காத்து நல்லா வரும்."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். கெரிட்டால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

*

அந்த வாரம் முழுக்க டுவேன் பூதத்தைப் பற்றியே பேசினான். ஆலையின் சாப்பாட்டு அறையில், இந்த ஆட்டம் என்னவென்றே தெரியாத ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசினான். ஒரு பையன், "அது நிஜமாவே உன் தலைல அடிச்ச மாதிரி பேசுறியே," என்று கேலி செய்தான்.

"உனக்குப் புரியாதுடா. ஒன்னுலேர்ந்து மூணுக்கு வந்தவன் நான். மத்தவங்க எல்லாம் ஒன்பது. இந்தக் குகைல ஒன்னாம் லெவல் ஆளு ஒரு வாரம் தாங்க மாட்டான். கேட்டுப் பாரு." ரொட்டியைப் பிடித்த கையால் கெரிட் இருந்த மூலையைக் காட்டினான். "அதோ உக்காந்திருக்கானே, என் மச்சான். சொந்தக்காரன்னு ஒரு தயவு காட்ட மாட்டான். கல்நெஞ்சன். அவன் கைலேர்ந்து தப்பிச்சு வந்தேன்."

எல்லோரும் கெரிட்டைப் பார்த்தார்கள். கெரிட் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பிற்பகல் அவன் தூங்கி எழுந்த நேரத்தில் கொரின் ஃபோன் செய்தாள்.

"டேய் கெரிட், என்னடா பண்ணினே என் புருஷனை?"

"ஏன், என்ன?"

"பாட்டுப் பாடிக்கிட்டு ஷேவ் பண்றாரு. போன வசந்தத்துலேர்ந்து அந்த மனுஷன் கராஜ்ல வெளக்கப் போடாம உக்காந்திருப்பாரு. நான் போயி போயி எட்டிப் பாத்துட்டு வருவேன். எதுக்குப் பாக்குறேன்னு உன்கிட்டகூட சொன்னதில்ல. இப்ப ரெண்டு மூணு மாசமா அது இல்ல. அந்தப் பூதத்தை எனக்கே நாலு தடவ நடிச்சுக் காட்டிட்டாரு. சோஃபா ஒடையப் போகுது."

"நான் ஒன்னும் பண்ணலக்கா."

"அதான் பெரிய விஷயம். எல்லாரும் அவர்கிட்ட பாவம் பாவம்னு பேசுறாங்க. நானுந்தான். நீ ஒருத்தன்தான் எல்லாரையும் போல நடத்தினே. சரி வை, அடுப்புல ஏதோ வெச்சிருக்கேன்."

ஃபோனை வைத்த பிறகும் கெரிட் கை அதன் மேலேயே இருந்தது. ஒரு பொய்தான் சொன்னோம் என்று நினைத்திருந்தான். அதன் மேல் ஒரு வீடே கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அந்தப் பொய்யை உருவினால் யார் தலையில் விழும் என்று தெரியாது. உருவாமல் விட்டால் ரெனேயின் ஆறு வருஷம் அடியில் கிடக்கிறது.

எல்லாக் கோழைகளையும் போல அவனும் நடுவழி ஒன்று தேடினான்.

*

அடுத்த சனிக்கிழமை, தடுப்பை நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். "சட்டத்தை மாத்தலாம்னு பாக்குறேன்."

"எந்தச் சட்டம்?" என்றார் ஆர்வில்.

"ஒன்னுலேர்ந்து தொடங்குறது. மேசைல பெரிய லெவல் எதுவோ அதுக்கு ஒன்னு கம்மியா வெச்சுக்கலாம். உங்க ஆளு ஒன்பது. அப்ப ரெனே எட்டுலேர்ந்து வரட்டும்."

"எனக்குச் சரிதான். போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கும் யாராவது எதையாவது சும்மா குடுங்கப்பா," என்றார் ஆர்வில்.

"எனக்குச் சரியில்ல," என்றான் டுவேன்.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பீர் கிளாஸைத் தள்ளி வைத்தான். "மன்னிச்சுக்கோ ரெனே, உன்மேல எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா நான் வந்தப்ப யாரும் எனக்கு எட்டு குடுக்கல. ரெண்டு ஆளைப் பறிகுடுத்தேன். ஒரு எலிகிட்ட செத்தேன். கேக்கவே கேவலமா இருக்கு. ஆனா மூணாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன்ல? என் கையால. என் பகடையால. இப்ப மாத்தினா நான் பட்டதுக்கு என்ன அர்த்தம்?"

"உனக்கும் ஏத்திக் குடுத்துடலாம்," என்றான் கெரிட். "உன் ஆளும் எட்டு."

"எனக்கு வேணாம்! சும்மா குடுத்த லெவலுக்கு என்ன மரியாதைன்னு நீதானே சொன்னே மச்சான்?"

ரெனே கெரிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு கேக்கட்டுமா," என்றாள். "டுவேன் இந்த மேசைக்கு வந்தப்ப இது ஏன் உனக்குத் தோணல?"

"அப்ப தோணல."

"இப்ப ஏன் தோணுது?"

"ஆறு வருஷத்து ஆளு. பாவமா இருந்துச்சு."

"மூணு வருஷம் முன்னாடி ஆர்விலோட குள்ளன் செத்தப்ப பாவமா இல்லையா?"

"அதைக் கேளு," என்றார் ஆர்வில். "நல்ல குள்ளன் அவன்."

ரெனே பென்சிலை எடுத்தாள். "ஒன்னு," என்றாள். "ஒன்னுலேர்ந்துதான் வருவேன். உருட்டு."

போன வாரம் நிரப்பிய தாளில் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பேரு என்ன?" என்று கேட்டான் கெரிட்.

"பொழைச்சா வெக்கிறேன்."

முக்கால் மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ ஒரு அம்பு வந்தது. அது யாரை நோக்கி வருகிறது என்பதைக்கூடக் கெரிட் பகடையிடம் விட்டான். ரெனேயின் ஆளை நோக்கித்தான் வந்தது. உருட்டினான். பதினேழு. அவள் தடுப்பைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு" என்று சொல்ல அவன் நாக்கு தயாராக இருந்தது. அந்தக் கண்கள் அதைச் சொல்ல விடவில்லை.

"பதினேழு."

"செத்தாச்சு. தாள்."

டுவேன் அவள் பக்கம் சாய்ந்து, ஏதோ தொழில் ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினான். "கவலப்படாதே. எனக்கும் மூணாவது ஆளுலதான் அமைஞ்சுது. பயப்படக் கூடாது, அதான் விஷயம். பயந்தா பகடைக்குத் தெரிஞ்சுடும். ஒதுங்கி ஒதுங்கி நிக்காதே. முன்னாடி போ. நான் போனேன் பாரு."

ரெனே அவன் சொல்வதை முழுக்கக் கேட்டாள். "சரி டுவேன்," என்றாள். "ஞாபகம் வெச்சுக்கறேன்."

*

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது ரெனே தன் டிரக்கின் முன்கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் போய்விட்டார்கள். கெரிட் பக்கத்தில் போய் நின்றான்.

"பத்தொன்பது," என்றாள், சுரண்டுவதை நிறுத்தாமல்.

அவன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அன்னிக்கு ஆர்விலோட தட்டுக்கு எடம் விடறதுக்காக உன் அட்டையை உள்ள தள்ளி வெச்சிருந்தே. நான் உக்காந்த எடத்துலேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. பத்தொன்பது விழுந்துது. நீ நாலுன்னே."

"அப்பவே ஏன் கேக்கல?"

"டுவேன் நாற்காலியத் தள்ளிட்டு எழுந்து நின்னான். அவன் மூஞ்சியப் பாத்தேன். கேக்க முடியல."

"இல்வாவைத் திருப்பித் தந்துடறேன் ரெனே. பூதம் உன் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது. அந்த அடியே செல்லாது. ஏதாவது காரணம் சொல்லி..."

"என்ன காரணம்?"

ரெனே சுரண்டியை டிரக்கின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. "நீ அவனைக் காப்பாத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. இன்னும் கேட்டா நான் பண்ணியிருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா அதுக்கு ஒரு ஆளு வேணும்னு ஆனப்ப நீ என்னை எடுத்துக்கிட்டே. கேக்காம. ரெனே தாங்குவா, ரெனே ஒன்னும் சொல்ல மாட்டான்னு. கேட்டிருந்தா இல்வாவைக் குடுத்திருப்பேன்டா. அவனுக்கு முன்னாடி வந்து நின்னு அடி வாங்கிச் செத்திருப்பா. அது ஒரு சாவு. இப்ப அவ எதுக்குச் செத்தான்னே சொல்ல முடியாத மாதிரி செத்துட்டா."

"நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

"பாத்தியா, இப்பவும் அதையேதான் பண்ற. அடி விழப்போகுதுன்னதும் இன்னொருத்தரை முன்னாடி தள்ற." அவள் கதவைத் திறந்து ஏறினாள். "அந்த அட்டை அங்க நிக்கிற வரைக்கும் நான் வர மாட்டேன். யார்கிட்ட என்ன சொல்றதுங்கறது உன் பாடு."

டிரக் போன பிறகு கெரிட் தன் காரின் கண்ணாடியைத் துடைக்காமலேயே உள்ளே உட்கார்ந்திருந்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு அதுவே வசதியாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டுவேனின் கராஜ் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. பனி தள்ளும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தான் டுவேன்.

"வா மச்சான். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு. கொரின் சர்ச்சுக்குப் போனவ அப்படியே அவ சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. பீர் அங்க இருக்கு."

கெரிட் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். பீர் எடுக்கவில்லை. காரில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் நிற்கவில்லை.

"அன்னிக்குப் பூதம் அடிச்சது நாலு இல்ல," என்றான். "பத்தொன்பது."

டுவேன் சிரித்தான். "போடா."

"பெரிய எட் செத்திருக்கணும். நான்தான் மாத்திச் சொன்னேன்."

இயந்திரத்துக்குள் கை அசைவது நின்றது. டுவேன் கையை மெல்ல வெளியே எடுத்தான். கரி பூசிய விரல்களைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு விரலாக.

"அது மட்டுமா?"

"இல்ல."

"எத்தனை?"

"எண்ணல. எலிக்கு அப்புறம்... பாதிக்கு மேல இருக்கும்."

டுவேன் தலையை ஆட்டினான். ஏதோ ஒரு கணக்கு அவனுக்குள் சரியாகிவிட்டது போல. "அப்ப நான் எத்தனாவது லெவல்?"

"மூணு."

"அது தாள்ல. நெஜமா எத்தனை?"

கெரிட்டுக்குத் தெரியவில்லை. நடந்ததில் எது டுவேனுடையது, எது தன்னுடையது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதைத்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது.

"எதுக்கு இப்ப வந்து சொல்ற?" டுவேன் கேட்டான். "ஒரு வாரம் ஆச்சு. ஒன்னும் கெட்டுப்போகல. நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. உன் வயித்துல கனக்குதுன்னு என் மடியில எறக்கி வெக்க வந்தியா?"

"ஆமா," என்றான் கெரிட். வேறு எதுவும் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பிறகு சொன்னான்: "இன்னொன்னும் இருக்கு. பூதத்தோட ரெண்டாவது கை உன்னைத்தான் அடிக்கணும். இன்னொரு பொய் சொல்ல வேண்டாமேன்னு இல்வா பக்கம் திருப்பினேன்."

டுவேன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"ரெனேக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே பாத்துட்டா."

"அன்னிக்கேவா?" துணியை இயந்திரத்தின் மேல் போட்டான். "அப்ப நேத்திக்கு? நேத்து நான் அவளுக்கு எட்டு குடுக்கக் கூடாதுன்னு சொன்னப்ப அவளுக்குத் தெரியுமா? என் கையால, என் பகடையாலன்னு நெஞ்சைத் தட்டினேனே. பயந்தா பகடைக்குத் தெரிஞ்சுடும்னு அவ காதுல போயி சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தலையத் தலைய ஆட்டிக்கிட்டுக் கேட்டாளேடா."

டுவேன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தான். கெரிட் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தான். அடிகூட எதிர்பார்த்தான். டுவேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் கெரிட் ஒருவன்தான் என்று இருந்தது. இப்போது டுவேனையும் கூட்டுச் சேர்த்தாயிற்று, அவனுக்குத் தெரியாமலே. அடுத்தவள் சாவில் நின்றுகொண்டு அவளுக்கே புத்தி சொல்ல வைத்தாயிற்று.

"கொரின்கிட்ட சொல்லாதே," என்றான் டுவேன் கடைசியில்.

"சொல்ல மாட்டேன்."

"நானே சொல்லிக்கிறேன். எப்ப முடியுமோ அப்ப."

எழுந்தான். சுவரில் தொங்கிய ஃபோனை எடுத்து, நம்பரைச் சுழற்றினான். கெரிட் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றான்.

"ரெனே? டுவேன் பேசுறேன்... ஆமா. இங்கதான் நிக்கிறான்... ஆமா, எல்லாத்தையும்." நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்ல, நீ பேசாதே, நான் சொல்லிடறேன். நேத்து நான் பேசினது... இல்ல, இரு, சொல்லியாகணும். நான் பேசினதுக்கு என்னை..." வாக்கியம் முடியவில்லை. மறுபடி கேட்டான். ஒரு முறை மூக்கை உறிஞ்சினான். "எலி ஜோக்கெல்லாம் வேணாம்," என்று சொல்லிவிட்டு, அரைச் சிரிப்பு போல ஒன்று சிரித்தான். "பெரிய எட்டா? அவனை இனிமே நான் தொட மாட்டேன். நானும் புதுத் தாள்தான்... சரி... சரி, கேக்கிறேன்."

ஃபோனை மார்பில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கெரிட் பக்கம் திரும்பினான். கண் பார்த்தது கெரிட்டின் சட்டைப் பொத்தானை.

"சனிக்கிழமை ஆட்டத்தை ஆர்வில் நடத்தட்டும்ங்கறா. அட்டை இல்லாம, எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"சரி."

"இல்வா வேணாமாம். திருப்பித் தரேன்னு இனிமே அவகிட்ட சொல்லாதேங்கறா."

"சரி."

"நீயும் வரணும்னா வரலாமாம். ஆட." டுவேன் சற்று நிறுத்தினான். "ஒன்னுலேர்ந்து."

ஆறு வருஷத்தில் கெரிட்டுக்கு என்று ஒரு ஆள் இருந்ததில்லை. பூதங்கள், எலிகள், கதவுகள் எல்லாம் அவன்தான். சாகக்கூடிய ஒன்றும் அவனிடம் இருந்ததில்லை. தலையாட்டினான்.

"என்கிட்ட தலையாட்டாதே. நான் வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. அவ கேக்கிறா, அவளுக்குச் சொல்லு." டுவேன் ஃபோனை நீட்டினான்.

ஃபோன் கிரீஸ் பிசுக்காக இருந்தது. மறுமுனையில் தொலைக்காட்சி ஓடும் சத்தமும் அவள் மூச்சும் கேட்டன. டுவேன் மறுபடி இயந்திரத்தின் முன்னால் குந்தி, கையை உள்ளே விட்டான்.

"ஒன்னுலேர்ந்து," என்றான் கெரிட்.

ரெனே பதில் சொல்லவில்லை. ஃபோனை வைக்கவும் இல்லை.